இலைத் தண்ணீரும் முனீஸ்வரன் கயிறும்

சென்ற மாதம் கோமதி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறும் முன் கடைசியாக வேலை பார்த்த கிராமச் சுகாதார நிலையத்தில் இப்போது அவள்தான் தாதி, சனங்களுக்கு மிஸ்ஸி. குரலில் சலிப்பு இருந்தது.

"அக்கா, நீங்க எப்படிக் கேப்பீங்க? நானும் வர்ற கர்ப்பிணி ஒருத்தரையும் விடாம கேக்குறேன். பீர் குடிப்பீங்களா? இல்ல. சிகரெட்? இல்ல. போதை மாத்திரை? ஐயோ, என்ன மிஸ்ஸி இப்படிக் கேக்குறீங்க. எல்லாத்துக்கும் இல்லதான். அப்புறம் பொறந்த புள்ள கை காலு உதறிக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்குது. அம்மாவக் கேட்டா, கெத்தும் தண்ணிதான் குடிச்சேன், வேற ஒண்ணும் இல்லங்கிறா."

"கேக்கும்போது கூட யாரு இருப்பா?"

"மாமியா, புருஷன், சில நேரம் நாத்தனாரும். வெளிய இருங்கன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்குறாங்கக்கா."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், நன்றி சொன்னாள், வைத்துவிட்டாள். பாதிதான் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது. கேட்பது எப்படி என்று சொன்னேன். கேட்டுப் பதிலும் கிடைத்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்லவில்லை. அதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். கெத்தும் என்பது இங்கே வீட்டுக் கொல்லையிலும் ஆற்றோரத்திலும் வளரும் மரம். இலையை வேகவைத்து வடித்தால் கசப்பான தண்ணீர் கிடைக்கும். பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, வாயை ரப்பர் வளையத்தால் கட்டி, தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்பார்கள். விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் வாங்கிக் குடிப்பவர்கள் அதைச் சாராயத்தோடு சேர்ப்பதில்லை. வெயிலில் வேலை செய்கிறவன் முதுகுவலிக்கும் களைப்புக்கும் குடிப்பது, அவ்வளவுதான். பழகிய உடம்புக்கு அது ஒரு நாள் கிடைக்காவிட்டால்தான் விஷயம் தெரியும். மூக்கு ஒழுகும், எலும்பு குடையும், கால் தானாக உதறும், வயிறு கலங்கும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்தத் தொல்லை பிள்ளைக்கும் உண்டு.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிக்கவும் ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வேலை பெண்டாங்கில், வயல்களுக்கு நடுவே. வந்தவர்கள் பெரும்பாலும் மலாய்த் தாய்மார்கள். அங்கே என் மலாய் திருந்தியது. அதன் பிறகு சுங்கை லாலாங் பக்கம் மாற்றினார்கள். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள், அங்கே வேலை செய்யும் நம் தமிழ்ச் சனங்கள். என்னைத் தாதியாக்கியவர் அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்த சிஸ்டர் ஹஸ்னா.

ஒல்லியானவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எந்தத் தாயிடமும் பேசமாட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தாயின் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார். இரத்த அழுத்தம் பார்க்கும் துணிப்பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்து, அது இறங்கி முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். தாய் பேசினாலும் தலையை மெல்ல ஆட்டி நிறுத்திவிடுவார். பட்டையைக் கழற்றிய பிறகு அந்தக் கையை உடனே விடுவதில்லை. முழங்கைக்குக் கீழே லேசாகப் பிடித்தபடி, சந்தையில் பார்த்தவரிடம் பேசுவதுபோல் கேட்பார்: "பாடான் சாக்கிட், மாக்கான் அப்பா?" உடம்பு வலித்தால் என்ன சாப்பிடுவாய் என்பதுதான் கேள்வி. குடிப்பாயா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். கைகழுவிக்கொண்டிருந்தவர், குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "குடிப்பாயா என்றால், நீ எப்படிப்பட்டவள் என்று கேட்பதாக அவள் நினைக்கிறாள். வலித்தால் என்ன செய்வாய் என்றால் அது வலியைப் பற்றிய கேள்வி. வலியைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை."

கூட வந்தவர்களை வெளியே அனுப்பவும் அவரிடம் ஒரு முறை இருந்தது. போகச் சொல்லமாட்டார், வேலை கொடுப்பார். மருந்து வாங்கும் வரிசையில் இடம் பிடிக்க வேண்டும், சீக்கிரம் போனால் நல்லது என்பார். மாமியார்கள் ஓடுவார்கள். கோமதியிடம் நான் சொன்னது இவ்வளவும்தான்.

ஆனால் அவர் மாமியார்களை விரோதியாகப் பார்த்தவர் இல்லை. பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அம்மா, மருமகளுக்கு இரத்தம் குறைவு என்று நாங்கள் சொன்னதும், தினமும் கறுப்பு பீரில் முட்டை உடைத்துக் கலக்கிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். நாங்கள் வீட்டுக்குப் போனபோது தம்ளர் மேசைமேலேயே இருந்தது. மறைக்கவும் இல்லை.

"பீர் இல்ல மிஸ்ஸி, இது ஸ்டவ்ட்டு. மருந்து. என் மவனுக்கு நான் மாசமா இருக்கும்போது பத்து மாசமும் குடிச்சேன். அந்தா, வேன்ல படுத்திருக்கான் பாருங்க, எப்படி வளந்திருக்கான்னு."

கடை வாசலில் நின்ற வேனில் ஒரு பெரிய உடம்பு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "வேலை நேரத்துல எப்பவும் இப்படியா?" என்று மலாயில் கேட்டார்.

"அத ஏன் கேக்குறீங்க," என்றார் அந்த அம்மா. மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சிஸ்டர் கண்டிக்கவில்லை. இரும்புச் சத்து மாத்திரைகளை மருமகளிடம் கொடுக்காமல் மாமியார் கையில் கொடுத்தார். வயிற்றுப் பிள்ளைக்குக் கறுப்பு பீர் ஆகாது, இரத்தம் ஊற இது போதும், தினமும் நீங்கள் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு, மலம் கறுப்பாகப் போனால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம் என்றார். அடுத்த மாதம் அந்த அம்மா வந்து என்னிடம் திருப்தியாகச் சொன்னார்: "கறுப்பாத்தான் போவுது மிஸ்ஸி. ஸ்டவ்ட்ட விட இது ஸ்ட்ராங்குலா." மிச்சமிருந்த போத்தல்களை என்ன செய்தீர்கள் என்றேன். "வேன்காரன் குடிச்சிட்டான்," என்றார்.

இப்படி நிறைய. சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்த பெண்கள் இருந்தார்கள். கணவனோடு உட்கார்ந்து குடிப்பவர்கள், கணவன் அடிக்கும்போது வலி தெரியாமலிருக்கக் குடிப்பவர்கள். பள்ளிச் சீருடையில் வந்து, போதைக்காக இருமல் மருந்து குடித்ததாக ஒத்துக்கொண்ட பெண்ணும் உண்டு. பெரும்பாலும் ஏதாவது செய்ய முடிந்தது. முடியாமல் போனவர்களை நான் மறக்கவில்லை. அவர்களில் லோகேஸ்வரியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

லோகாவுக்கு அப்போது பதினெட்டு வயது. பேராக் மாநிலத்திலிருந்து கல்யாணமாகி எங்கள் பக்கத் தோட்டத்துக்கு வந்தவள். கணவன் சுரேன் செம்பனைக் குலை வெட்டுபவன். அவன் வெட்ட, கீழே சிதறும் பழங்களை இவள் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போடுவாள். முதல் தடவை எங்களிடம் வந்தபோதே ஆறு மாதம் முடிந்திருந்தது. கூட மாமியார் செல்லம்மா. மருந்து வரிசைக்கு அவரை அனுப்பிவிட்டு, அழுத்தம் பார்த்து, கையைப் பிடித்தபடி கேட்டேன்.

"இத்தன நேரம் குனிஞ்சு பொறுக்கினா இடுப்பு என்னத்துக்கு ஆகும். வலிச்சா என்ன சாப்பிடுவ?"

"இலைத் தண்ணிதான் மிஸ்ஸி. அவரு வாங்கிட்டு வருவாரு."

"எப்பல்லாம்?"

"காலையில போறதுக்கு முன்னாடி ஒண்ணு. மத்தியானம் ஒண்ணு. சாயந்தரம் வந்து ஒண்ணு. அது இல்லன்னா எந்திரிக்கவே முடியல." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அது இலைதானே மிஸ்ஸி? நான் பீரு கூடத் தொட்டதில்ல. எங்கம்மா சம்சு குடிச்சே செத்தவ. குடிகாரி மவள்னு சொல்லித்தான் இங்க என்னக் கட்டிக்க யோசிச்சாங்க. நான் அதெல்லாம் பக்கமே போகமாட்டேன்."

அவள் சொன்னது உண்மை. அவள் கணக்கில் அவள் குடிக்காதவள்.

மெதுவாகச் சொன்னேன். இலையும் பிள்ளைக்குப் போகிறது, நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, திடீரென்று விட்டால் உன் உடம்பு உதறும், பிள்ளைக்கும் தாங்காது, பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிடலாம் என்றேன். வியாழக்கிழமை டாக்டர் இங்கே வருவார், அவரைப் பார், பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள் என்றேன்.

"போலீஸ் வருமா மிஸ்ஸி?"

"எனக்கும் போலீசுக்கும் சம்பந்தம் இல்ல. சுரேனையும் கூட்டிட்டு வா."

தலையாட்டினாள். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சரியாகத் திருப்பிச் சொன்னாள். அதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. டாக்டர் மதியம் வரை இருந்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் தோட்டத்துக்குப் போனேன்.

செல்லம்மா வாசலிலேயே எதிர்கொண்டார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. "வாங்க மிஸ்ஸி. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. புள்ளைக்கு ஆகாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்கன்னு இவ வந்து சொன்னா. எனக்குத் தெரியவே தெரியாது, ரெண்டும் சேர்ந்து குடிச்சிருக்குதுங்க. அன்னைக்கே முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போய் ரெண்டு பேருக்கும் கயிறு கட்டிட்டேன்."

தோட்டத்தின் ஓரத்தில், பெரிய மரத்தடியில் இருக்கிறது அந்த முனீஸ்வரன். குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போவார்கள். கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். பூசாரி மந்திரித்த கயிற்றை மணிக்கட்டில் கட்டுவார். கயிறு கையில் இருக்கும்வரை தொடக் கூடாது. தொட்டால் முனி அடிப்பார். மருத்துவமனைக்குப் போய்த் திருந்தியவர்களைவிட அந்தக் கயிற்றில் திருந்திய ஆண்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் சொந்தச் சித்தப்பா அதில்தான் சம்சுவை விட்டார். அதனால் அதை ஏளனம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அவர்கள் யாருக்கும் வயிற்றில் பிள்ளை இருக்கவில்லை.

உள்ளே லோகா மெத்தையில் சுருண்டு கிடந்தாள். வெயில் ஏறிய நேரத்தில் தடித்த போர்வை. மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. போர்வைக்குள் கால் உதைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வாந்தி எடுக்க ஒரு வாளி.

"ஒரு சொட்டு தொடல மிஸ்ஸி," என்றார் செல்லம்மா. "உள்ள இருக்கிற கெட்டத எல்லாம் சாமி வெளிய தள்ளுது."

"சுரேன் எங்க?"

செல்லம்மா குனிந்து வாளியை நகர்த்தி வைத்தார். போர்வைக்குள்ளிருந்து லோகா சொன்னாள்: "அவரு நேத்தே கயித்த அத்துப் போட்டுட்டாரு. வேலைக்குப் போவணும்லன்னு."

பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் சிறு கருவியை வயிற்றில் வைத்தேன். துடிப்பு இருந்தது, ஆனால் இருக்க வேண்டியதைவிட வேகம். கைவைத்துப் பார்த்தேன். வயிறு இறுகியது, விட்டது, சற்றுப் பொறுத்து மறுபடி இறுகியது. சிஸ்டரை அழைத்தேன். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு நான் வருகிறேன் என்றார்.

"லோகா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். இந்த உதறல நிறுத்த அங்க மருந்து இருக்கு. புள்ளைக்கும் நல்லது."

அவள் போர்வையை விலக்கி என்னைப் பார்த்தாள். "அந்த மருந்து என்ன செய்யும்?"

"உடம்ப அடக்கும். இலை செஞ்ச வேலையத்தான் அதுவும் செய்யும், ஆனா அளவா. அப்புறம் தினம் கொஞ்சமாக் குறைப்பாங்க."

"அப்ப அதுவும் அதுதானே மிஸ்ஸி. பேரு மட்டும் வேற."

"டாக்டர் கொடுத்தா மருந்து."

"ஸ்டவ்ட்டையும் மருந்துன்னுதான் எங்கம்மாவுக்குக் கொடுத்தாங்களாம். அதுலதான் ஆரம்பிச்சுதாம்."

போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டேன்.

சிஸ்டர் வந்தார். காலணியை வாசலில் கழற்றி, மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உதைத்துக்கொண்டிருந்த காலைத் தன் மடியில் எடுத்துவைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். கயிற்றில் விரல் படாமல் நாடி பிடித்தார். எழுந்து என்னை வெளியே கூட்டி வந்தார்.

"ஆம்புலன்ஸ் வர இன்னும் நேரமாகும். அதற்குள் அவள் சம்மதிக்க வேண்டும், கட்டாயப்படுத்தித் தூக்கிப் போக எனக்கு அதிகாரமில்லை. பூசாரியைப் போய்ப் பார். இது நான் போய்ப் பேசக்கூடிய இடம் இல்லை. உன் சாமி, உன் மொழி."

பூசாரி ராமையா செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டார். எதிர்த்துப் பேசுவார் என்று வாதங்களை யோசித்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"மாசமா இருக்கிற புள்ளன்னு தெரிஞ்சுதான் கட்டினேன், ஆனா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது மிஸ்ஸி. அந்தம்மா ஒத்தக் கால்ல நின்னுச்சு. முனி புள்ளையக் காவு கேக்கிற சாமி இல்ல. வாங்க, நானே வந்து சொல்றேன்." சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

மெத்தைப் பக்கம் நின்று அவர் சொன்னார்: "பாப்பா, கயிறு கையிலயே இருக்கட்டும். நீ இலையத் தொடமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணுன. ஆஸ்பத்திரி மருந்து அதுல சேராது. நான் சொல்றேன், போ."

செல்லம்மாதான் முதலில் பேசினார். "என்ன பூசாரி இப்படிச் சொல்றீங்க. அவன்தான் ஆம்பள, அத்துப் போட்டுட்டான், ஊரே சிரிக்குது. இவளாவது நிக்கிறாளேன்னு இருந்தேன். இவளும் போனா இந்த வீட்டப் பத்தி என்ன பேசுவாங்க."

"பேசறவன் வந்து புள்ளையப் பெத்துக் கொடுப்பானா?" என்றார் பூசாரி.

லோகா எழுந்து உட்கார முயன்றாள். பற்கள் தந்தியடித்தன. "ஐயா, நீங்க எனக்காக எறங்கி வர்றீங்க. சாமி எறங்கி வரல. குடிகாரி மவ மூணாம் நாளே கயித்த மீறிட்டான்னு நான் பேர் வாங்கமாட்டேன். இந்தச் சத்தியம் ஒண்ண நான் முடிச்சிடுறேன் மிஸ்ஸி. விட்டுடுங்க."

பலவிதமாகப் பேசிப் பார்த்தோம். செல்லம்மாவும் ஒரு கட்டத்தில் பயந்துபோய், "போயிட்டு வாடி, நான் எல்லார் வாயையும் மூடிடுறேன்" என்றார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கடைசியில் அவளைச் சம்மதிக்கவைத்தது எங்களில் யாரும் இல்லை. பனிக்குடம் உடைந்தது. அதன் பிறகு அவளும் எதிர்த்துப் பேசவில்லை. ஆம்புலன்சில் அவளைத் தூக்கி வைக்கும்போது, கயிறு கட்டிய கையை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

பெண் குழந்தை. ஏழாவது மாதத்துப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மறுநாள் மத்தியானம் வரை இருந்தது.

அன்று மாலை நானும் சிஸ்டரும் வார்டுக்குப் போனோம். உள்ளே போகும் முன் நடைவழியில் நிறுத்தி அவரிடம் கேட்டேன்: "அவள் கேட்டால் என்ன சொல்வது?"

அவர் யோசித்தார். சுவரோரம் ஒதுங்கி, ஒரு தள்ளுவண்டிக்கு வழிவிட்டார். "இலையாலா, இலையை விட்டதாலா, குனிந்து சுமை தூக்கியதாலா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. விட்டதால்தான் என்று நாம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அந்தக் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி குடிப்பாள். அல்லது அதைக் கட்டிய மாமியாரோடு ஒரு வீட்டில் இருக்க முடியாமல் போகும். தெரியவில்லை என்று சொல். அது பொய்யில்லை."

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று இப்போதும் தோன்றுகிறது.

லோகா அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதறலுக்கு மருந்து கொடுத்திருந்தார்கள், வாங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை போன பிறகு அவள் எதையும் மறுக்கவில்லை என்று அங்கிருந்த தாதி சொன்னாள்.

"நான் குடிச்சதாலயா மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

"காரணம் தெரியல லோகா. டாக்டருக்கே தெரியல."

"தெரியலயா?"

"தெரியல."

"சரி மிஸ்ஸி," என்றாள். சிஸ்டர் அவள் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நாங்கள் வந்துவிட்டோம்.

பிரசவத்துக்குப் பிந்திய வீட்டுப் பரிசோதனைக்குப் போனபோதும் அவள் பேச்சு குறைவாகவே இருந்தது. இலைத் தண்ணீரைத் தொடவில்லை. செல்லம்மா அவளைத் தாங்கினார். என்ன இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினவ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் லோகா எழுந்து அடுப்படிக்குப் போவதைக் கவனித்தேன். துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அவளும் சுரேனும் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் அவனையும் விட்டுவிட்டு அவள் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

சிஸ்டர் ஓய்வு பெற்றார். சொந்த ஊருக்குப் போய், சில ஆண்டுகளில் காலமானார். லோகாவைப் பற்றி நாங்கள் ஒருமுறைதான் பேசினோம். "அவளுக்கு அந்தப் பாரத்தைக் கொடுக்காமல் விட்டோமே, அது போதும்," என்றார். நானும் அந்த ஆறுதலில்தான் இருந்தேன்.

எனக்கு ஓய்வு நெருங்கிய காலத்தில், ஒரு காலை வேளையில் லோகா நிலையத்துக்குள் வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, கண்ணாடி, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கூட ஒரு சின்னப் பெண், பதினேழு வயதிருக்கும். தொளதொளப்பான டீ சட்டைக்குள் வயிறு தெரிந்தது.

"மிஸ்ஸி, என்ன ஞாபகம் இருக்கா? இவ தாரணி. என்கூட லைன்ல வேலை செய்யுறவ. கல்யாணம் ஆகல, அத நீங்க கேக்காதீங்க, நாங்க பாத்துக்குறோம். கெத்தும் தண்ணியில இருமல் மருந்து கலந்து குடிக்கிறா, அந்தப் பையன் பழக்கிவிட்டுட்டான்."

தாரணி தலையைக் குனிந்துகொண்டே, "விடுங்கக்கா, மானத்த வாங்குறீங்க," என்றாள்.

"மானம் எங்கயும் போவல, சும்மா இரு. மிஸ்ஸி, விஷயம் என்னன்னா, இவங்கம்மா நாளைக்கு இவளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. கயிறு கட்ட. அதுக்கு முன்னாடி இங்க கூட்டிட்டு வந்துட்டேன். ஒரேயடியா விட்டா புள்ள தங்காதுன்னு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா எங்க கேக்குறாங்க."

என் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டை இருந்தது. அதைச் சுற்றவில்லை.

லோகா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும் மிஸ்ஸி," என்றாள் சாதாரணமாக. "ஆஸ்பத்திரியில உங்ககிட்ட கேக்கும்போதே தெரியும்."

இலையை ஒரேயடியாக விட்டதுதான் காரணம் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். அத்தனை ஆண்டும், மாமியார் பெருமையடித்தபோதும், தனியாக வாழ்ந்தபோதும், அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் ஒருவரிடமாவது அதைப் பேச முடிந்திருக்க வேண்டுமானால் அது எங்களிடம்தான். நாங்கள் தெரியவில்லை என்று சொல்லி அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறோம்.

அவளை வெளியே உட்காரச் சொன்னேன். நாற்காலியைத் தூக்கி தாரணியின் பக்கவாட்டில் போட்டு, வழக்கம்போல் எல்லாம் பார்த்தேன், கேட்டேன். டாக்டருக்குத் தொலைபேசியில் சொல்லி அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு செய்தேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது லோகா எழுந்து நின்றாள். அவளிடம் சொல்ல வேண்டியதை உள்ளேயே கோர்த்து வைத்திருந்தேன். தொடங்கும் முன் அவள் முந்திக்கொண்டாள்.

"இவளுக்குப் புள்ள தங்குமா மிஸ்ஸி?"

"தங்கும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறேன்னு வேணாம். உங்களுக்குத் தெரிஞ்சத அப்படியே அவகிட்ட சொல்லிடுங்க. நல்லதோ கெட்டதோ. சின்னப் புள்ளன்னு பாக்காதீங்க."

நான் திரும்பி அறைக்குள் போய், கதவை மூடி, தாரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.